மழை முடியும் கோட்டுக்கு அந்தப் பக்கம்!

ஆஸ்திரேலியா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கங்காரு, கிரிக்கெட், சிட்னி ஓபரா ஹவுஸ். இன்னும் கொஞ்சம் யோசித்தால் பீச், அலைச்சறுக்கு. ஓகே. இப்போது அந்த நாட்டு மேப்பை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். ஊர்ப் பேரெல்லாம் ஓரத்திலேயே மொய்த்துக்கொண்டிருக்கும். நடுவில்? காலி! பிரின்டரில் இங்க் தீர்ந்துபோன மாதிரி வெறுமையாக இருக்கும்.

ஏன் அப்படி? ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்: தண்ணீர். அந்த ஒரு வார்த்தை நிஜமாகவே மண்டைக்குள் ஏற எங்களுக்கு 16 நாட்களும் சுமார் 3,500 கிலோமீட்டரும் தேவைப்பட்டன.

டீம் சின்னது. தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் அடிலெய்டில் படிக்கப் போன மூன்று பேர்: ஒரு மதுரைக்காரன், ஒரு ஈரோட்டுக்காரன், அப்புறம் நான். நாலாவது ஆள், யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வயதிலேயே குடும்பத்தோடு வந்து அடிலெய்டிலேயே வளர்ந்த அண்ணா. ஃபோர் வீல் டிரைவ் வண்டி அவருடையது. வழி தெரிந்தவரும் அவர்தான். ஸோ, கேப்டனும் அவரே!

ஜூலை மாதம், செமஸ்டர் லீவு. "என்னது, ஜூலையில டூரா? ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா?" என்று ஊரில் இருந்து போன் வந்தது. பூமியின் தெற்குப் பாதியில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் குளிர்காலம். உள்நாட்டைப் பார்க்க அதுதான் சீசன். டிசம்பர், ஜனவரியில் அங்கே வெயில் 45 டிகிரியைத் தாண்டி பின்னி எடுக்கும். அதனால் குளிர் வந்தால் போதும், ரிட்டயர்டு தாத்தா பாட்டிகள் கேரவனைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு 'கிரே நோமாட்ஸ்', அதாவது நரைத்த நாடோடிகள் என்று செல்லப் பேரே உண்டு. வழி முழுக்க எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்ததும் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான்.

வாலில் ஒரு வீடு

கேம்பர் டிரெய்லர் வேறு, கேரவன் வேறு பாஸ். கேரவன் என்பது சக்கரம் வைத்த வீடு. கேம்பர் டிரெய்லர் என்பது சக்கரம் வைத்த டிரங்குப் பெட்டி. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். இடம் வந்ததும் மூடியைத் திறந்து, கேன்வாஸை விரித்து, நாலு பக்கமும் முளை அடித்தால் மெத்தையோடு ஒரு கூடாரம் ரெடி. பின்பக்கம் இழுத்தால் கேஸ் அடுப்போடு சமையலறை. அடியில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. ஓரத்தில் விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஒரு பேட்டரி. டிரெய்லரின் எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்குத் தனியாக பிரேக் இருந்தே ஆகவேண்டும் என்பது அங்கே சட்டம்.

இடதுபக்க டிரைவிங்தான், நம்ம ஊர் மாதிரியே. முன்னால் போவது ஈஸி. ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் சர்க்கஸ் ஆரம்பிக்கும். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடது பக்கம் போகும்! மதுரைக்காரன் முதல் தடவை ரிவர்ஸ் எடுத்தபோது டிரெய்லர் தனியாக ஒரு முடிவெடுத்து, பக்கத்து டென்ட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

கிளம்புவதற்கு முன்னால் அண்ணா போட்ட ரூல்ஸ் இரண்டே இரண்டு. ஒன்று, சூரியன் சாய்ந்த பிறகு வண்டி ஓடாது. அந்தி நேரத்தில்தான் கங்காருக்கள் ரோட்டுக்கு வரும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்தால் டூர் அங்கேயே ஓவர். ஜூலையில் ஐந்தே காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்குகிறது. அதனால் தினமும் நாலரைக்குள் டேரா.

இரண்டாவது ரூல், தண்ணீர். "தம்பிமார், இனி தண்ணி எண்டா காசு மாதிரி. பாத்துப் பாவிக்கோணும், சரியோ? பைப்பைத் திறந்து விட்டிட்டு நிண்டு கதைக்காதை!" முதல் நாள் சிரித்தோம். நாலாவது நாளே ஒரு டம்ளரில் பல் துலக்கி முகமும் கழுவப் பழகிவிட்டோம்.

முதல்ல கடல்

அடிலெய்டிலிருந்து வடக்கே 300 கிலோமீட்டர் சொச்சம் போனால் போர்ட் அகஸ்டா. அங்கிருந்து மேற்கே பிரியும் ஐயர் நெடுஞ்சாலையில் இன்னொரு 460 கிலோமீட்டர் போனால் செடூனா. நம்ம ஊர் 'ஐயர்' இல்லை. 1840-41ல் இந்தக் கடலோரமாகவே மேற்கு நோக்கி நடந்து போன எட்வர்ட் ஜான் ஐயர் என்ற ஆங்கிலேயரின் பெயர். அந்த நடையில் அவர் உயிர் பிழைத்ததற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கடலோர மணல்மேட்டில் எந்த இடத்தில் தோண்டினால் குடிதண்ணீர் கிடைக்கும் என்று அந்த மண்ணின் பழங்குடி மக்கள் காட்டிக்கொடுத்தார்கள். நெடுஞ்சாலைக்கு வைத்திருப்பது என்னவோ ஐயரின் பெயரைத்தான்!

செடூனாவைத் தாண்டினால் மரங்கள் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் சுத்தமாக நின்றுவிடும். இதுதான் நல்லர்பார் சமவெளி. லத்தீனில் 'மரமே இல்லை' என்று அர்த்தம். கீழே எல்லாம் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற கொஞ்ச மழையும் பாறை இடுக்கில் இறங்கி நிலத்தடிக் குகைகளுக்குள் போய்விடும். மேலே ஒரு ஆறுகூடக் கிடையாது. எதிரே ஒரு வண்டி வர பத்து நிமிஷம் ஆகும். வந்தால், அந்த டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவார். அதுதான் அங்கே வணக்கம். இரண்டாவது நாளில் எங்கள் விரலும் தானாகத் தூக்க ஆரம்பித்துவிட்டது.

ஹெட் ஆஃப் பைட். கண்டத்தின் தெற்கு விளிம்பு அப்படியே செங்குத்தாக உடைந்து கடலில் விழுகிற இடம். மரப் பலகைப் பாதையில் நின்று கீழே பார்த்தோம். நீலத் தண்ணீரில் கறுப்பாக ஒரு பாறை. "பாறை மூச்சு விடுதுடா!" என்று கத்தினான் ஈரோட்டுக்காரன். பாறை இல்லை, திமிங்கலம்! பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அதன் குட்டி.

'சதர்ன் ரைட் வேல்' என்ற இனம் இது. ஜூன் முதல் அக்டோபர் வரை குட்டி போட இந்தக் கடலோரத்துக்கு வருகிறது. இரை கிடைப்பதெல்லாம் தெற்கே அன்டார்டிகா பக்கம். அதனால் தாய்த் திமிங்கலம் இங்கே இருக்கும் வாரங்களில் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாமல், உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே குட்டிக்குப் பால் கொடுக்கிறது. 'ரைட்' என்ற பெயர் வந்த கதைதான் கொடுமை. மெதுவாக நீந்தும், செத்தால் மிதக்கும். எனவே வேட்டைக்காரர்களுக்கு இதுதான் 'சரியான' திமிங்கலமாம்! கிட்டத்தட்ட அழிந்தேபோய், 1935ல் பாதுகாப்புக் கிடைத்த பிறகு மெல்ல மெல்ல மீண்டு வருகிறது. இரண்டு மணி நேரம் நாங்கள் யாரும் பேசவில்லை. மதுரைக்காரன்கூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது செடூனாவில் சோதனைச் சாவடி. பழ ஈ என்ற பூச்சி மாநிலத்துக்குள் நுழையாமல் இருக்க, கிழக்கே போகும் வண்டிகளில் பழம், காய்கறி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வம்பே வேண்டாம் என்று முந்தின நாள் ராத்திரியே இருந்த தக்காளி எல்லாவற்றையும் ரசம் வைத்துவிட்டோம். குளிர்காற்றில், கடல் சத்தத்தில், தட்டு நிறைய ரசம் சாதம்... அடடா!

குதிரையில் போட்ட கோடு

மறுபடி போர்ட் அகஸ்டா. இந்தத் தடவை வடகிழக்கே, ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் பக்கம் திரும்பினோம். க்வார்ன், ஹாக்கர் என்ற இரண்டு சின்ன ஊர்களுக்கு நடுவே கன்யாகா என்ற இடம். கூரை இல்லாத கல் சுவர்கள், கதவில்லாத வாசல்கள், உள்ளே காற்று. ஒரு காலத்தில் 70 குடும்பங்கள் வாழ்ந்த ஆட்டுப் பண்ணை. வறட்சி மேல் வறட்சி வந்து 1888ல் மொத்தமாகக் காலியாகிவிட்டது. இதில் ஒரு வினோதம். பண்ணையை ஆரம்பித்த ஹியூ ப்ரோபி 1852ல் இறந்தார். எப்படி? பக்கத்து ஓடையில் திடீரென்று வந்த வெள்ளத்தில்! இந்த ஊரில் தண்ணீர் வராமலும் கொல்லும், வந்தும் கொல்லும்.

இங்கேதான் அண்ணா 'கோய்டர் கோடு' பற்றிச் சொன்னார். இன்ஜினியரிங் படிக்கிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். 1865ல் கடும் வறட்சி. எதுவரைக்கும் பயிர் செய்யலாம், எதற்கு மேல் கூடாது என்று பார்த்துச் சொல்ல, மாநிலத்தின் சர்வேயர் ஜெனரல் ஜார்ஜ் கோய்டர் குதிரையில் கிளம்பினார். மழை அளவு பற்றிய நீண்டகாலக் கணக்கு எதுவும் கையில் கிடையாது. அவர் பார்த்தது செடிகளை. குட்டை யூகலிப்டஸ் புதர்கள் முடிந்து, உப்பு நிலத்துச் செடிகள் ஆரம்பிக்கிற இடத்தை எல்லாம் குறித்துக்கொண்டே போனார். அப்படி மேப்பில் ஒரு கோடு விழுந்தது. அதற்குத் தெற்கே கோதுமை விதைக்கலாம். வடக்கே விதைத்தால் உங்கள் தலையெழுத்து! பிற்காலத்துக் கணக்கோடு ஒப்பிட்டால், வருஷத்துக்குச் சுமார் 10 அங்குலம் மழை பெய்யும் எல்லையை ஒட்டித்தான் அந்தக் கோடு ஓடுகிறது. மனுஷன் கண்ணாலேயே அளந்திருக்கிறார்!

கேட்டார்களா? 1870களின் தொடக்கத்தில் சில வருஷம் நல்ல மழை. "கோடாவது ஒண்ணாவது" என்று விவசாயிகள் நெருக்க, 1874ல் அந்தக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். 'ஏர் போகும் இடத்துக்குப் பின்னாலேயே மழையும் வரும்' என்று அப்போது நிஜமாகவே நம்பினார்கள். கோட்டைத் தாண்டிப் போய் வீடு கட்டினார்கள், ஊர் அமைத்தார்கள், ரயிலும் வந்தது. 1880களில் வறட்சி திரும்பி வந்தது. கையிலிருந்த காசையெல்லாம் போட்டு விதைத்தவர்கள், கதவைக்கூடச் சாத்தாமல் கிளம்பினார்கள். அன்றைக்கு முழுக்க ரோட்டோரத்தில் நாங்கள் பார்த்த இடிந்த வீடுகள் எல்லாம் அவர்களுடையவை.

பாலைவனத்தில் ஒரு பேக்கரி

அன்று ராத்திரி வில்பீனா பவுண்டில் தங்கினோம். கிண்ணம் மாதிரி வட்டமாக நிற்கும் மலை. இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான அட்னியமதனா மக்கள் இதை 'இகாரா' என்கிறார்கள். கூடும் இடம் என்று பொருள். 2016 முதல் தேசியப் பூங்காவின் பெயரிலும் இகாரா சேர்ந்துவிட்டது. காலையில் எழுந்தால் கேன்வாஸ் மேல் வெள்ளையாக உறைபனி! இரண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா, அதற்கு மேல் போர்வை என்று ஈரோட்டுக்காரன் மூட்டையாகவே நடமாடினான்.

இதே மலைத்தொடரின் எடியகாரா குன்றுகளில், 1946ல் ரெஜ் ஸ்பிரிக் என்ற புவியியலாளர் பாறையில் விசித்திரமான அச்சுகளைப் பார்த்தார். சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னால் கடலடியில் வாழ்ந்த உடம்பு மெத்தென்ற உயிர்கள் பதித்துவிட்டுப் போன முத்திரை! 2004ல் பூமியின் வரலாற்றில் ஒரு காலகட்டத்துக்கே 'எடியகாரன்' என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், இந்த வறண்ட மலை ஒரு காலத்தில் கடல்தரை.

இன்னும் வடக்கே லிண்ட்ஹர்ஸ்ட் வரை போனோம். அதைத் தாண்டி 26 கிலோமீட்டரில் ஃபரீனா. லத்தீனில் 'மாவு' என்று அர்த்தம். கோதுமை கொட்டப் போகிறது என்ற நம்பிக்கையில் 1878ல் போட்ட ஊருக்கு வைத்த பேர். மாவும் வரவில்லை, ஆளும் தங்கவில்லை. பேய் ஊராகிவிட்டது. ஆனால் இப்போது ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில வாரங்கள் தன்னார்வலர்கள் வந்து, இடிந்த கட்டடங்களைச் சீர்படுத்துகிறார்கள். பூமிக்கு அடியில் இருக்கும் பழைய விறகு அடுப்பில் ரொட்டியும் பன்னும் சுட்டு விற்கிறார்கள். அந்தக் காசிலேயே ஊரைப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பயிர் இல்லாத இடத்தில், சுடச்சுட பன் வாங்க வரிசையில் நின்றோம். 'மாவு' ஊருக்கு ஒரு வழியாக மாவு வந்துவிட்டது, லாரியில்!

மழை நிறுத்திய வண்டி

மண் ரோட்டில் மர்ரீ வந்து சேர்ந்தோம். இங்கிருந்துதான் ஊட்னடாட்டா டிராக் ஆரம்பம். மார்லா வரை 620 கிலோமீட்டர் மண் பாதை. டயரில் காற்றைக் குறைத்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, எல்லாம் ரெடி. ராத்திரி கேன்வாஸ் மேல் சடசடவென்று சத்தம். மழை!

காலையில் ஊர் எல்லைப் பலகையில், 'பாதை மூடப்பட்டது'. ஒரு ராத்திரி மழைக்கே அந்த மண் சிவப்புக் களியாகிவிடும். மீறிப் போனால் வண்டி மாட்டும், ரோடும் பாழாகும், அபராதமும் விழும். மழையே பெய்யாத ஊரில், மழையால் இரண்டு நாள் லாக்! மதுரைக்காரன் புலம்பித் தீர்த்தான். அண்ணா மட்டும் அசையவில்லை. "இது சனத்துக்கு நல்ல மழை தம்பி. நாங்கள் பொறுத்துத்தான் போகோணும்."

அந்த இரண்டு நாளில்தான் மர்ரீயின் கதை கிடைத்தது. மாட்டு வண்டியும் குதிரையும் தோற்றுப்போன பாலைவனத்தில் சரக்கு ஏற்ற, 1866 வாக்கில் கராச்சி துறைமுகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும், அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களையும் போர்ட் அகஸ்டாவுக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பலுச்சிஸ்தான், ஆப்கானிஸ்தான், பஞ்சாப், சிந்து என்று பல இடத்துக்காரர்கள். எல்லோரையும் மொத்தமாக 'ஆஃப்கன்' என்றே கூப்பிட்டார்கள். உள்நாட்டுக்குப் போன அரிசி, மாவு, கம்பி, தபால் எல்லாம் இவர்கள் முதுகு வலியில் போனதுதான். ஆனால் ஊரில் ரயில் பாதைக்கு ஒரு பக்கம் வெள்ளையர்கள். மறுபக்கம் இவர்களும் பழங்குடி மக்களும். 1901க்குப் பிறகு வந்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை இவர்களில் பலருக்குக் குடியுரிமையே தர மறுத்தது. மண்ணால் கட்டிய அவர்களுடைய சின்ன மசூதியின் மாதிரி ஒன்று ஊரில் இருக்கிறது. வைத்துவிட்டுப் போன பேரீச்சை மரங்களும் நிற்கின்றன.

ஸ்டூடன்ட் விசாவோடு அந்த மரத்தடியில் நின்ற எங்களுக்கு அது வெறும் ஹிஸ்டரியாகத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றோம். அவர்கள் நினைவாகத்தான் அந்த ரயிலுக்கு 'தி கான்' என்று பெயர் வந்தது என்கிறார்கள். 1929ல் அது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை நீண்டது. ஒட்டகங்களுக்கு வேலை போனது. பலர் அவற்றை அவிழ்த்து விட்டார்கள். அவற்றின் வாரிசுகள் இன்றைக்கும் அங்கே காட்டு ஒட்டகமாகத் திரிகின்றன. அந்தப் பழைய ரயில் பாதையும் 1980ல் மூடப்பட்டுவிட்டது.

பூமிக்கு அடியில் ஒரு கடல்

மூன்றாவது நாள் காய்ந்தது. கிளம்பினோம். சுமார் 90 கிலோமீட்டரில் வலது பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு அடிவானம். கட்டி தண்டா, அதாவது லேக் ஐயர். அதே ஐயர்தான்! ஆஸ்திரேலியாவின் மிகத் தாழ்ந்த இடம், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 15 மீட்டர். பெரும்பாலான வருஷங்களில் வெறும் உப்புப் படுகை. இது அரபானா மக்களுக்குப் புனிதமான இடம். ஏரிக்குள் இறங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஓரத்திலேயே நின்று பார்த்தோம். 2025 மார்ச்சில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், மேற்கு குவீன்ஸ்லாந்தில் பேய்மழை பெய்தது. அந்த வெள்ளம் பல வாரம் ஊர்ந்து வந்து இந்த ஏரியை நிறைத்தது. இங்கே ஒரு சொட்டு விழாமலே ஏரி நிறையும்!

இன்னும் கொஞ்ச தூரத்தில் அந்த டூரின் ஹீரோ. 'பப்ளர்' என்ற ஊற்று. பொட்டல் மேட்டு உச்சியில் ஒரு சின்னக் குளம். நடுவில் தண்ணீர் குமிழியிட்டு மணலைச் சுழற்றிச் சுழற்றி எறிகிறது. எங்கிருந்து? கீழே கிரேட் ஆர்ட்டீசியன் பேசின் என்ற நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. பரப்பு 17 லட்சம் சதுர கிலோமீட்டர், கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கிழக்கு மலைகளில் பெய்த மழை பாறைக்குள் இறங்கி, வருஷத்துக்குச் சில மீட்டர் வேகத்தில் நகர்ந்து வருகிறது. சில இடங்களில் அந்தத் தண்ணீரின் வயது 20 லட்சம் வருஷம் வரை போகும்!

இப்போதுதான் மேப் புரிந்தது. இந்த ஊற்றுகள் ஒரு மாலை மாதிரி வரிசையாக இருக்கின்றன. அதைப் பிடித்துத்தான் பழங்குடி மக்களின் வணிகப் பாதை போனது. அந்த ஊற்றுகளை நம்பித்தான் ஜான் மெக்டுவல் ஸ்டூவர்ட் 1862ல் கண்டத்தின் வடமுனையைத் தொட்டார். அவர் பின்னாலேயே 1872ல் தந்திக் கம்பி. அதன் பின்னாலேயே ரயில். அதன் பக்கத்திலேயே எங்கள் டிரெய்லர். யாரும் ரோடு போடவில்லை, தண்ணீர் போட்டது!

ஆனால் இதிலும் கோய்டர் கதைதான். நூறு வருஷத்துக்கு மேல் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகளைத் தோண்டி, மூடி போடாமல் திறந்தவெளி வாய்க்காலில் ஓட விட்டார்கள். அழுத்தம் குறைந்து பல ஊற்றுகள் வறண்டே போயின. 1999ல் ஒரு திட்டமே போட்டு, கிணறுகளுக்கு மூடி போடவும் குழாய் பதிக்கவும் ஆரம்பித்தார்கள். அள்ளினால் தீராது என்று நினைத்தது, தீர்கிறது.

அன்று மாலை கவர்ட் ஸ்பிரிங்ஸில் டேரா. பழைய ரயில் நிலையத்தின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில், நிலத்தடி நீர் நிறைந்த வெதுவெதுப்பான தொட்டி. ஒன்பது நாள் டம்ளர் தண்ணீரில் வாழ்ந்த நாங்கள் கழுத்துவரை மூழ்கி உட்கார்ந்தோம். மேலே நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. "அண்ணா, இது எவ்வளவு பழைய தண்ணியா இருக்கும்?" என்றேன். "தெரியேல்லை. ஆனா உமக்கு முந்தி வந்தது" என்றார்.

லேட்டா வந்த படகு

கடைசி நிறுத்தம் கூபர் பீடி. பாதிப் பேர் பூமிக்கு அடியில் குடைந்த வீடுகளில் வாழும் ஊர். வெளியே எந்தக் காலமாக இருந்தாலும் உள்ளே 24 டிகிரி சுமாருக்கு இதமாக இருக்கும். 1915ல் அப்பாவோடு தங்கம் தேடி வந்த 14 வயதுப் பையன் ஒருவன் தண்ணீர் தேடிப் போனான். கிடைத்தது ஓப்பல் கல்! இன்றைக்கும் ஊருக்குத் தண்ணீர் 20 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வந்து, உப்பு நீக்கப்பட்ட பிறகுதான் கிடைக்கிறது. எங்களைப் போன்ற பயணிகள் மெஷினில் காசு போட்டு லிட்டர் கணக்கில் பிடித்துக்கொள்ளலாம்.

1844ல் சார்லஸ் ஸ்டர்ட் என்பவர் அடிலெய்டிலிருந்து கிளம்பும்போது, வண்டியில் ஒரு படகையும் ஏற்றிக்கொண்டு போனார். கண்டத்தின் நடுவில் பெரிய கடல் இருக்கிறது என்று அவருக்கு உறுதியான நம்பிக்கை. பாலைவனத்தில் படகை இழுத்துத் திரிந்ததுதான் மிச்சம். ஆனால் அவர் நினைத்தது முழுசாகத் தப்பில்லை. சுமார் 11 கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே எரோமாங்கா கடல் நிஜமாகவே இருந்தது. ஆள் கொஞ்சம் லேட், அவ்வளவுதான்! அந்தக் கடல் விட்டுப்போன படிவுகளில்தான் ஓப்பல் விளைந்திருக்கிறது. நல்ல ஓப்பல் கல்லின் எடையில் 6 முதல் 10 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். கடையில் ஒரு கல்லை விரலில் வைத்துத் திருப்பினால் நீலமும் பச்சையும் ஓடும். தண்ணீர் இல்லாத ஊர், தண்ணீர் அடைத்த கல்லை உலகத்துக்கு விற்கிறது.

கிளம்புறவங்களுக்கு...

* ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 5 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் இரண்டு மூன்று நாளுக்கு ரிசர்வ்.
* வண்டி வாடகைக்கு எடுத்தால், மண் ரோட்டில் ஓட்ட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் முதலில் பாருங்கள். பல வண்டிகளுக்குக் கிடையாது.
* ஊர்களைத் தாண்டினால் செல்போன் சிக்னல் அவுட். லாரிக்காரர்களோடு பேச யு.எச்.எஃப். ரேடியோவில் 40ம் சேனல். எந்த வழியில் போகிறீர்கள், என்றைக்கு வருவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.
* மூன்று நான்கு டிரெய்லரை இழுத்துக்கொண்டு 50 மீட்டர் நீளத்துக்கு வரும் 'ரோடு டிரெயின்' லாரிக்கு ஒதுங்கி வழி விடுங்கள். மோதிப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை.
* வண்டி நின்றுபோனால் இறங்கி நடக்காதீர்கள். வானத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு மனுஷனைவிட வண்டிதான் கண்ணில் படும். நெடுஞ்சாலையில் சில இடங்களில் ரன்வே மாதிரி கோடு போட்டிருப்பார்கள். 1928ல் தொடங்கிய பறக்கும் டாக்டர் சேவையின் விமானம் அவசரத்துக்கு ரோட்டிலேயே இறங்கும்!

கூபர் பீடியிலிருந்து அடிலெய்டுக்கு 846 கிலோமீட்டர் தார் ரோடு. தெற்கே வர வர பச்சை தெரிய ஆரம்பித்தது. ஆனால் அந்தப் பச்சையும் இப்போது நிச்சயமில்லை. 2024லும் 2025லும் கோய்டர் கோட்டுக்குத் தெற்கே, 'பயிர் செய்யலாம்' என்று அவர் சொன்ன பகுதிகளிலேயே பல இடங்களில் இதுவரை பதிவாகாத அளவுக்கு மழை குறைந்துபோனது. விவசாயிகள் ஆடு மாடுகளுக்கு வைக்கோல் தேடி அலைந்தார்கள். பருவநிலை மாற்றத்தால் அந்தக் கோடு தெற்கே நகர்கிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

கோய்டர் அன்றைக்குச் செய்தது பெரிய மேஜிக் இல்லை. குதிரையை விட்டு இறங்கி, தரையில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்தார். பார்த்ததை, யாருக்கும் பிடிக்காது என்று தெரிந்தும் சொன்னார். நகர்கிற கோட்டைப் பார்த்துச் சொல்லவும் ஆள் வேண்டும். நீங்கள் சிவில், ஜியாலஜி, அக்ரி, எது படித்தாலும் சரி... அந்த வேலைக்கு வேகன்ஸி இருக்கு, பாஸ்!